வெள்ளைக் கட்டம்

அம்மா எழுதியதைக் குப்பையில் தள்ளியது நான்தான். அத்தைக்கு இது தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது மணி ஒன்றே கால். விடியற்காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

என் பெயர் தயானி. வயது பதினாறு. லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்கிற பிரிவில், நாலாம் லய வீட்டு வரிசையில் இருக்கிறேன். அம்மா விஜயலெட்சுமி பதினாலு மாதத்துக்கு முன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்பா கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறார். என்னை அப்பாவின் அக்கா பாக்கியலெட்சுமி அத்தை வைத்திருக்கிறாள். அத்தை நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். அதற்குப் பிறகு இந்த ஒற்றை அறைக் காம்பிராவில் விழித்திருப்பது நானும் என் போனும்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குக் கம்பியூட்டர் படிப்பித்த மதுசூதனன் சேர் செய்தது. அதில் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பக்கம். பெயர், படித்த ஆண்டு, ஈமெயில், செய்தி என்று நாலு கட்டம். பழைய மாணவர்கள் எழுதுவார்கள், யாராவது கூரைத்தகடாவது வாங்கித் தருவார்கள் என்று அதிபர் வீரய்யா சேருக்கு நம்பிக்கை. மதுசூதனன் சேர் இடம் மாறி ஊருக்குப் போனபோது பாஸ்வேர்டை என் கொப்பியில் எழுதிக் கொடுத்தார். வகுப்பில் அதைப் பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டது நான் ஒருத்திதான்.

சேர் போன இரண்டாவது மாதம் அந்தப் பக்கம் குப்பையால் நிரம்பியது. கடன் தருகிறோம், சூதாட வாருங்கள், மாத்திரை வாங்குங்கள், நடுநடுவே ரஷ்ய எழுத்து. இதெல்லாம் ஆட்கள் எழுதுவதில்லை. இப்படிப்பட்ட பக்கங்களைத் தேடித் தேடி நிரப்புகிற மெஷின்கள். எழுதப்படுகிற ஒவ்வொன்றும் அதிபரின் போனுக்கும் போகும். ஒரு நாள் பெற்றோர் கூட்டத்தில் அவர் பேசி முடிப்பதற்குள் அது இருபது தடவை கத்தியது. பின்வரிசையில் யாரோ, சேருக்கு வெளியூர்ல நெறைய சொந்தக்காரங்க போல என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு, இதை நிறுத்து, முடியாவிட்டால் அந்தப் பக்கத்தையே மூடச் சொல்லிவிடுவேன் என்றார்.

எனக்குப் பயம் வந்தது. அந்த வெப்சைட்டை விட்டால் எனக்கென்று பொறுப்பாக ஒன்றும் கிடையாது. அன்று பின்னேரமே மதுசூதனன் சேருக்குக் கோல் எடுத்தேன். படங்களைக் காட்டி, சிக்னல் லைட் உள்ளதைத் தொடு என்று கேட்கிற பூட்டு ஒன்றைப் போடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். தோட்டத்திலிருந்து லுணுகலை வரைக்கும் ஒரு சிக்னல் லைட்டாவது இருக்கிறதா, அம்மாமார் எதைத் தொடுவார்கள் என்று கேட்டார். பிறகுதான் பொறியைப் பற்றிச் சொன்னார்.

"ஒரு கட்டம் கூடுதலாப் போடுங்கோ பிள்ளை. அது ஆக்களின்ர கண்ணுக்குத் தெரியக் கூடாது. மெஷின் கண்ணால பாக்கிறேல்ல, உள்ளுக்கிருக்கிறதை வாசிச்சு எல்லாத்தையும் நிரப்பும். அந்தக் கட்டத்தில எழுத்து விழுந்தா அது மெஷின். ஆனா ஒண்டு, பிடிபடுறதை உடனே எறியாதேங்கோ. ரெண்டு கிழமைக்கு ஒருக்காலாவது நீங்களே பாருங்கோ."

அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் செய்தேன். செய்தியின் கீழே 'இணையதள முகவரி' என்று ஒரு கட்டம் போட்டேன். கட்டத்தை மறைக்கச் சரியான வழி வேறு இருக்கிறது, அது அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளைப் பக்கத்தில் எழுத்தையும் கோட்டையும் வெள்ளையாக்கிவிட்டேன். பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடம் மாதிரி இருந்தது. அதில் எழுத்து விழுந்தவை அதிபருக்குப் போகாமல் வேறொரு பெட்டிக்குள் விழும். முப்பது நாள் கிடந்துவிட்டுத் தானாக அழியும். அது ஜூலைக் கடைசி. அடுத்த நாளிலிருந்து அதிபரின் போன் வாயே திறக்கவில்லை. காலைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். நான் அந்தப் பெட்டியை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை அம்மா கடைசியாகப் பேசினாள். வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு ஒரு மணி நேரம் போன் தருவார்கள். அடுத்த வெள்ளி கோல் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நான் எடுத்தால் போன் அணைந்திருந்தது. அம்மாவை அனுப்பிய ஆள் எங்கள் தோட்டத்திலேயே இருப்பவர்தான், ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்திலும் இருக்கிறார். அவரிடம் அத்தை போய்க் கேட்டாள். முதலில் போன் உடைந்துவிட்டது என்றார். இரண்டாவது தடவை, அந்த வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்றார். யாரோடோ என்றும் சொல்லியிருப்பார் போல. அத்தை திரும்பி வந்து வாசல் இஸ்தோப்பில் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"இனிமே ஒங்கம்மா பேர இந்த வீட்ல எடுக்காத. போன எடத்துல நல்லா இருக்கட்டும்."

அப்பாவுக்கும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா என்னுடைய கோலையும் எடுப்பதில்லை. லயத்தில் பெண்கள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது என்னைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். அம்மா ஓடியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாற்பது நாள், ஐம்பது நாள் என்று போகும்போது தெரிந்ததுகூடத் தேய்ந்துகொண்டே வந்தது. ஓடியிருந்தாலும் எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே என்று நினைக்கத் தொடங்கினேன். அப்படி நினைத்த ஓர் இரவில், தலையணைக்கடியில் எடுத்து வைத்திருந்த அவளுடைய சட்டையைத் திரும்பத் துணிப்பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

செப்டெம்பர் இருபத்தாறாம் திகதி அதிபர் என்னைக் கூப்பிட்டார். தெமோதரையிலிருந்து ஒரு பழைய மாணவி நேரில் வந்து, சான்றிதழ் கேட்டு இரண்டு தடவை வெப்சைட்டில் எழுதினேன், ஒரு பதிலும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நீ பார்த்தாயா என்று கேட்டார். இல்லை சேர், வரவேயில்லை என்றேன். சொல்லும்போதே அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது.

அன்று இரவு அத்தை படுத்த பிறகு திறந்தேன். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கிடந்தது. மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். கடன், சூது, மாத்திரை, கடன். தெமோதரை அக்கா இருந்தாள். அவளுக்கும் கீழே, ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு பெயர் தமிழில் இருந்தது. விஜயலெட்சுமி.

படித்த ஆண்டு: இல்லை. ஈமெயில்: இல்லை. இணையதள முகவரி: இல்லை.

அந்த 'இல்லை'யைப் பார்த்ததும் அது என் அம்மாதான் என்று தெரிந்துவிட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா ஒரு விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாளாம். தோட்ட ஒபிஸில் கிளார்க் அதை முகத்துக்கு நேரே திருப்பித் தள்ளியிருக்கிறார். அன்றிலிருந்து எந்தப் படிவத்திலும் அவள் ஒரு கட்டத்தையும் விடமாட்டாள். என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்த படிவத்தில் 'குடும்ப வைத்தியர்' என்ற இடத்தில் இல்லை, 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் இல்லை என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். நான் சிரித்தேன். அப்போது சொன்னாள்:

"வெறுமையா விட்டா வேற யாராச்சும் எதையாச்சும் எழுதிருவாங்க பாப்பா."

மெஷினைப் பிடிக்க நான் வைத்த கட்டத்தில் என் அம்மா இல்லை என்று எழுதி மாட்டிக்கொண்டாள். ஆனால் அவள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? செய்தியைத் திறந்தேன். செப்டெம்பர் இரண்டாம் திகதி எழுதியிருந்தாள்.

"பாப்பா அம்மா எழுதுறேன். மொத எழுதுனதுல எல்லாம் வெவரமா எழுதிருந்தேன் பாத்தியா. மேடம் போன வாங்கி வச்சிட்டாங்க. ஒன் நம்பர் போன்லதான் இருந்துச்சு மனசுல இல்ல. ஸ்கூல் பேர அடிச்சு இத புடிச்சேன். இது மேல் வீட்ல வேல செய்ற நிலூஷாவோட போன். ராவுல மாடிப்படியில நின்னு எழுதுறேன். வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு போன கறுப்பா மாத்தி வச்சிருக்கா. குடுத்தது தெரிஞ்சா அவளுக்கும் வம்பு. யாருக்கும் சொல்லாத. பதில இதுலயே போடு நான் வந்து பாக்குறேன்"

நிலூஷா போன் திரையைக் கறுப்பாக மாற்றி வைத்திருந்தாள். என்னுடையதையும் அப்படி மாற்றிவிட்டு எங்கள் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் முழுக்கக் கறுத்தது. நான் வெள்ளையாக்கி ஒளித்து வைத்த எழுத்து மட்டும் இருட்டில் பளிச்சென்று நின்றது. இணையதள முகவரி, அதற்குக் கீழே ஒரு கட்டம். அம்மா அந்தப் படியில் நின்றுகொண்டு, வரப்போகிற காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு, அதையும் விடாமல் நிரப்பியிருக்கிறாள்.

அவள் சொன்ன அந்த முதல் கடிதத்தைத் தேடினேன். இல்லை. ஆகஸ்ட் இருபத்தேழுக்கு முந்தியவை எல்லாம் அழிந்திருந்தன. முப்பது நாள் என்று போட்டது நான். விவரமாக எழுதியது எதுவோ, அது எனக்கு இனிக் கிடைக்காது. அங்கே அடிக்கிறார்களா, சாப்பாடு தருகிறார்களா, எதுவும் தெரியாது.

இன்னொன்று இருந்தது. செப்டெம்பர் பதினேழு.

"பாப்பா கோவமா. மூணு தடவ எழுதிட்டேன். நான் ஓடிட்டேன்னு சொல்லிருப்பாங்க. நான் எங்கயும் ஓடல. இதே வீட்லதான் இருக்கேன். நிலூஷா மாசம் முப்பதாந் தேதி ஊருக்குப் போறா. அதுக்கப்பறம் எழுத போன் கெடையாது. ஒரு வார்த்த போட்டா போதும்"

வாயைப் போர்வையால் பொத்திக்கொண்டு அழுதேன். அத்தை புரண்டு படுத்து, என்ன சத்தம் என்று கேட்டாள். வயிற்று வலி என்றேன்.

நாலு நாள்தான் இருந்தது. ஒரு வார்த்தை போட வேண்டும், அதை எங்கே போடுவது? அம்மா அந்தப் பக்கத்தைப் போனில் பேசுகிற மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாள், எழுதினால் கீழே பதில் வரும் என்று. அது ஒருவழிப் பாதை என்று அவளுக்குத் தெரியாது. வெப்சைட்டின் முகப்பில் பெரிதாக எழுதலாம். ஆனால் அதை அதிபர் பார்ப்பார், சங்கத்திலிருக்கிற அந்த ஆள் பார்ப்பார். அவர் பார்த்தால் ஏஜென்சிக்குப் போகும். அங்கிருந்து அந்த வீட்டு மேடத்துக்கும் போகும். நிலூஷாவும் மாட்டுவாள்.

விடியும்வரை யோசித்தேன். வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டு மணி அடித்து அத்தை எழுந்து தீ மூட்டும்போதுதான் தோன்றியது. வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாத, இருட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரிகிற இடம் ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்தக் கட்டத்தின் பெயரை மாற்றினேன். 'இணையதள முகவரி' என்பதை அழித்துவிட்டு எழுதினேன்: 'அம்மா நான் தயானி. இன்னைக்குத்தான் பாத்தேன். கோவம் இல்ல. இந்தக் கட்டத்துல எழுது, எனக்கு மட்டும்தான் வரும்.' சேமித்துவிட்டுச் சாதாரணமாகத் திறந்து பார்த்தேன். வெள்ளை. அத்தையின் போனில் பார்த்தேன். வெள்ளை. என் போனைக் கறுப்பாக்கினேன். எழுத்து நின்றது.

பிறகு காத்திருந்தேன். அங்கே எங்களைவிட இரண்டரை மணி நேரம் பிந்தி. அம்மா படிக்கு வருவது அங்கே பத்து பதினொரு மணி என்றால், இங்கே பன்னிரண்டரை, ஒன்றரை ஆகும். இருபத்தேழாம் திகதி இரவு விழித்திருந்தேன். அம்மா என்று நான் கூப்பிட்டு எழுதிய அந்த இடத்திலும் மெஷின்கள் வந்து, ஐந்து நிமிடத்தில் கடன் என்று எழுதிவிட்டுப் போயின. இருபத்தெட்டும் அப்படியே போனது. பகலில் வகுப்பில் தூங்கி விழுந்தேன். வீரய்யா சேர் என்னை எழுப்பி, தெமோதரைப் பிள்ளையின் விஷயம் என்னாயிற்று என்று கேட்டார். தொழில்நுட்பக் கோளாறு சேர், சரியாக்கிவிட்டேன் என்றேன். பெட்டியில் இன்னும் ஆறு பேர் உண்மையான ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய போனே அந்தக் கட்டத்தையும் தானாக நிரப்பியிருக்கும். ஒருவர் வணக்கம் என்று மட்டும் எழுதியிருந்தார். ஏழு பேருக்கும் அதே பொய்யை எழுதிப் பதில் அனுப்பினேன். சேரிடம் உண்மையைச் சொன்னால் பாஸ்வேர்டை வாங்கிவிடுவார். இருட்டிலிருக்கிற அந்தக் கட்டத்தையும் யாராவது அழித்துவிடுவார்கள்.

இருபத்தொன்பதாம் திகதி இரவு ஒன்று இருபதுக்கு வந்தது.

பெயர்: விஜயலெட்சுமி. படித்த ஆண்டு: இல்லை. ஈமெயில்: இல்லை. செய்தி: இல்லை. வெள்ளைக் கட்டத்தில்:

"பாத்துட்டேன் பாப்பா. அழுகையில எழுத்து தெரியல. நிலூஷா நாளைக்கி வர்றா. அவ ஊரு மொனராகல. கடுதாசி ஒன்னு குடுத்துருக்கேன். அவ வீட்டு நம்பர் கீழ இருக்கு. இனி எழுத முடியாது. நல்லா படி. ராவுல முழிக்காத"

நம்பர் இருந்தது. நான் உடனே கட்டத்தின் பெயரை மாற்றி, அம்மா நிக்கிறியா, போகாத என்று எழுதினேன். இரண்டு மணிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படியிலிருந்து இறங்கிப் போயிருப்பாள்.

முந்தாநாள் அந்த நம்பருக்கு எடுத்தேன். நிலூஷாவே பேசினாள். சிங்களத்தில் பேசினாள், எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம்தான், அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். அம்மா உயிரோடு இருக்கிறாள், மெலிந்துவிட்டாள், அடிப்பதில்லை, ஆனால் தெருக்கதவைப் பூட்டி வைக்கிறார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம். கடிதத்தில் அந்த வீட்டு விலாசமும் எத்தனையாம் மாடி என்பதும் எழுதியிருக்கிறாள், அதை ஒரு பெரிய ஆளிடம் கொடு என்றாள். சனிக்கிழமை மத்தியானம் நிலூஷா தன் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். பத்து மணிக்கு முன் மொனராகலை பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னாள். சிவப்புக் குடை பிடித்திருப்பாளாம்.

விடிந்தால் சனிக்கிழமை. அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. லுணுகலையைத் தாண்டி நான் தனியாகப் போனதில்லை. பெரிய ஆள் என்று நிலூஷா சொன்னாள், எனக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா போன் எடுப்பதில்லை. இருப்பது அத்தை ஒருத்திதான். பெரட்டுக்கு முன்னால் அவள் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்ல வேண்டும். முதலில் எதைச் சொல்வது என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மா ஓடல அத்த. அதிலிருந்து தொடங்க வேண்டும். அவள் அடித்தாலும் பரவாயில்லை. நம்பாவிட்டால் போனைக் கறுப்பாக்கி அந்தக் கட்டத்தைக் காட்டுவேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசிக்க வேண்டும், அப்போது குரல் உடையாமல் இருக்க வேண்டும்.

கொஞ்சம் முன் கட்டத்தின் பெயரைத் திரும்ப மாற்றினேன். 'அம்மா, விடிஞ்சதும் மொனராகலைக்குப் போறேன். எந்தப் போன் கெடச்சாலும் இங்க பாரு. இத அழிக்க மாட்டேன்.' அந்த வீட்டில் இனி அவளுக்கு யார் போன் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரியவில்லை. முப்பது நாளில் அழியும் என்று போட்டிருந்ததையும் எடுத்துவிட்டேன்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டியில் ஒன்று விழுந்தது. யாரோ ரொபர்ட் என்று ஒரு பெயர், குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறானாம். கடைசி வரிவரை படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன்.